ஏற்காட்டுப் பச்சைக் கொட்டையை வீட்டில் வறுத்து டிகாஷன் இறக்குவது: முழுமையான வழிகாட்டி

சேலத்துக்காரர்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் காபித் தோட்டம். மலைக்குப் போனவர்கள் ஆசையாக ஒரு கிலோ பச்சைக் கொட்டை வாங்கி வந்துவிட்டு, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியில் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி நான்கைந்து வீடு. அவர்களில் சிலருக்கு எங்கள் மொட்டை மாடியில் வைத்து வறுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தடுமாறுவது எல்லோருக்கும் ஒரே இடம்தான். வாணலியில் கொட்டை வெடிக்கத் தொடங்கியபின் வரும் மூன்று நான்கு நிமிடம். அதற்கு முந்தைய பத்து நிமிடம் சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். இந்த மூன்று நிமிடம் பொறுக்காது. அந்த நேரத்தில் சல்லடை எங்கே, கைத்துணி எங்கே என்று தேடக்கூடாது. கீழே உள்ள வரிசை அதற்காகவே.

வறுக்கக் கால் மணி நேரம் போதும். ஆனால் பொறுக்க அரை மணி, வறுத்தபின் டப்பாவில் சும்மா விட்டு வைக்க இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வருகிறார்கள் என்றால் வியாழக்கிழமை வறுத்துவிடுங்கள்.

1. சரியான பச்சைக் கொட்டை வாங்குவது

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விளைவது பெரும்பாலும் அரபிகா வகைக் காபி. நவம்பர் வாக்கில் பழம் பறிக்க ஆரம்பித்து பிப்ரவரி வரை போகும். காய்ந்து, தோல் நீக்கித் தரம் பிரித்துக் கைக்கு வர இன்னும் சில வாரம் பிடிக்கும். எனவே மார்ச், ஏப்ரலில் போனால் அந்த வருஷத்துக் கொட்டை கிடைக்கும்.

கடையிலோ தோட்டத்திலோ முதலில் கேட்க வேண்டியது: "இது பிளாண்டேஷனா, செர்ரியா?" பழத்தோலை உரித்து, பிசுபிசுப்பு போகக் கழுவி, காயவைத்து, மேலுறையும் நீக்கியது பிளாண்டேஷன். பழத்தைத் தோலோடு அப்படியே காயவைத்து உடைத்தது செர்ரி. முதல்முறை வறுப்பவர்கள் பிளாண்டேஷனே வாங்குங்கள். நிறம் சீராக மாறும், கண்ணால் பின்தொடர்வது சுலபம்.

அடுத்தது தரம். ஏஏ, ஏ, பி, சி என்பதெல்லாம் கொட்டையின் அளவை வைத்து. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளைந்தது. அது வாணலியில் உருண்டுகொண்டே இருப்பதால் ஒரே பக்கம் கருகாது. ஆனால் பீபெரியையும் தட்டைக் கொட்டையையும் கலந்து வறுக்கக்கூடாது, இரண்டுக்கும் சூடு ஏறும் வேகம் வேறு. கலக்க வேண்டுமென்றால் தனித்தனியாக வறுத்துப் பிறகு கலக்குங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிறு விவசாயிகளிடம் நேரடியாக வாங்கும்போது சில சமயம் 'பார்ச்மென்ட்' கிடைக்கும். வெளிர்மஞ்சள் நிறத்தில், காகிதம் மாதிரி மொறமொறப்பான உறையோடு இருக்கும். அதை அப்படியே வாணலியில் போட்டால் உறைதான் கருகும், கொட்டை வேகாது. தெரியாமல் வாங்கி வந்திருந்தால் உரலில் போட்டு உலக்கையால் மெல்லக் குத்தி, முறத்தில் புடைத்து எடுங்கள். கொஞ்சம் நொறுங்கத்தான் செய்யும்.

நல்ல பச்சைக் கொட்டை நீலம் கலந்த பச்சையாகவோ சாம்பல் பச்சையாகவோ இருக்கும். ஒரு பிடி எடுத்து மூக்கருகே வையுங்கள். காய்ந்த பட்டாணி, வைக்கோல் வாசனை வந்தால் சரி. சாக்கு நாற்றமோ பூஞ்சை நாற்றமோ வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு நன்றாக வறுத்தாலும் அது போகாது. ஒரு கொட்டையைக் கடித்துப் பாருங்கள். பல் லேசாகப் பதிந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். சரியாகக் காய்ந்ததில் ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதம் இருக்கும், பல்லுக்குக் கல் மாதிரி இருக்கும்.

வாங்கி வந்ததைத் துணிப்பையில் கட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஒரு மழைக்காலத்தில் நான் இரண்டு கிலோவைப் பிளாஸ்டிக் கவரோடு விட்டுவிட்டேன். ஐப்பசியில் பிரித்தபோது உள்பக்கம் நீர்த்துளி, கொட்டையெல்லாம் வெளுத்துப் பூத்திருந்தது. மொத்தத்தையும் செடிக்குப் போட வேண்டியதாயிற்று.

2. பொறுக்குவது

250 கிராம் எடுத்து வெள்ளைத் துணியில் பரப்புங்கள். கறுத்தது, பழுப்பேறியது, குண்டூசி அளவு துளை விழுந்தது (காய்த்துளைப்பான் பூச்சியின் வேலை), உடைந்தது, சிப்பி மாதிரி உள்ளே குழிந்தது, கல், குச்சி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

உடைந்ததை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். சின்னத் துண்டு முழுக் கொட்டைக்கு முன்பே வெந்து கருகிவிடும். மற்றவை பதத்துக்கு வரும்போது அது கரியாகி, அந்தக் காந்தல் மொத்தத்திலும் ஏறும். கறுத்த கொட்டை வேறு விதத்தில் கெடுக்கும், டிகாஷனில் புளித்த, மண் கலந்த வாடை வரும்.

பருப்பு, அரிசி கழுவிய பழக்கத்தில் கொட்டையையும் சிலர் கழுவுகிறார்கள். வேண்டாம். மேலே ஏறிய ஈரம் சீராகக் காயாது, ஒரு கொட்டை முந்தும், ஒன்று பிந்தும். தூசி இருந்தால் உலர்ந்த துணியால் தேய்த்துவிட்டால் போதும்.

3. அடுப்பு பற்றவைக்கும் முன் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டியவை

கனமான இரும்பு வாணலி, வாய் பன்னிரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். மெல்லிய அலுமினியத்தில் ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் ஆறிக் கிடக்கும். நான்ஸ்டிக் கூடவே கூடாது, இவ்வளவு சூட்டில் அந்தப் பூச்சு தாங்காது. மீன் வறுத்த வாணலியும் வேண்டாம், காபிக் கொட்டை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

நீளக் காம்புள்ள மரக்கரண்டி. இரண்டு எவர்சில்வர் சல்லடை. ஒரு மேஜை மின்விசிறி. முறம். தராசு. கடிகாரம். தடித்த கைத்துணி. வாணலியை மூடும் அளவுக்கு ஒரு மூடி.

மூடி எதற்கென்றால், கொட்டையிலிருந்து உரியும் மெல்லிய தோல் தணலில் விழுந்து சில நேரம் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றினால் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மின்விசிறியை ஓடவிட்டுப் பார்த்து, சல்லடைக்கு நேராகத் திருப்பி வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் முறத்தால் விசிற வேண்டியிருக்கும், அதற்கு ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

புகை நிறைய வரும். மொட்டை மாடி உத்தமம். அது இல்லாதவர்கள் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யலாம், துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

4. வறுப்பது

வெறும் வாணலியை மிதமான தீயில் ஐந்து நிமிடம் காயவிடுங்கள். குளிர்ந்த வாணலியில் போட்டால் கொட்டை மெதுவாகக் காய்ந்துகொண்டே கிடக்கும், வறுபடாது. அந்தக் கொட்டையில் இறக்கிய டிகாஷன் கறுப்பாக இருக்கும், மணம் இருக்காது.

250 கிராமைக் கொட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போட்டால் கிளறக் கை ஓடாது, அடியில் கிடப்பது கருகும். கிளறுவதை இனி ஒரு கணமும் நிறுத்தக்கூடாது. ஓரத்திலிருந்து நடுவுக்கு, அடியிலிருந்து மேலுக்கு.

*பச்சையிலிருந்து மஞ்சள்.* முதல் நான்கைந்து நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். உள்ளே ஈரம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. நனைந்த வைக்கோல் வாசனை வரும், பிறகு கொட்டை வெளிர்மஞ்சளாகும். பொறுமை இழந்து தீயைக் கூட்டுவது இங்கேதான். கூட்டினால் வெளிப்புறம் கறுத்து உள்புறம் பச்சையாகவே நின்றுவிடும்.

*மஞ்சளிலிருந்து பழுப்பு.* அடுத்த நான்கைந்து நிமிடத்தில் வாசனை மாறும், பேக்கரி வாசலில் நிற்கிற மாதிரி. தோல் உரிந்து பறக்கும். கொட்டையின் மேல் சுருக்கமும் திட்டுத்திட்டான நிறமும் தெரியும், பயப்பட வேண்டாம், வெடித்தபின் சரியாகிவிடும்.

*முதல் வெடிப்பு.* ஒன்பதாவது நிமிடத்திலிருந்து பதினோராவது நிமிடத்துக்குள், சுமார் 200 டிகிரி சூட்டில், 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு இரண்டு, மூன்று. மக்காச்சோளம் பொரிவது போல உரக்க, இடைவெளி விட்டுக் கேட்கும். உள்ளே மிச்சமிருந்த நீராவியும் வாயுவும் கொட்டையைப் பிளந்து வெளியேறும் சத்தம் அது. கொட்டை உப்பிப் பெரிதாகும்.

எதிர்வீட்டுத் தம்பிக்கு முதல்முறை சொல்லிக் கொடுத்தபோது இந்தச் சத்தம் கேட்டதும், "அக்கா, வெடிச்சிருச்சுங்க, இறக்கிரட்டுங்களா?" என்று வாணலியைத் தூக்கிவிட்டான். அப்போது இறக்கினால் பாலுக்கு ஆகாது. புளிப்பு தூக்கலாக, தானியச் சுவையோடு இருக்கும். வெடிப்பு ஓயும் வரை பொறுக்க வேண்டும்.

வெடிப்பு தொடங்கியதும் தீயைக் கொஞ்சம் குறையுங்கள், இருப்பதில் கால்வாசி மட்டும். ஒரேயடியாகக் குறைத்தால் வறுவல் அந்த இடத்திலேயே முடங்கிவிடும். குறைக்காமல் விட்டால் அடுத்த கட்டம் நீங்கள் சுதாரிப்பதற்குள் வந்துவிடும்.

*இறக்கும் நேரம்.* முதல் வெடிப்பு ஒன்றரை இரண்டு நிமிடத்தில் ஓயும். பிறகு ஓர் அமைதி. காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியது இந்த அமைதியில்தான். கறுப்புக் காபி குடிப்பவர்கள் அமைதி தொடங்கியதுமே இறக்கிவிடலாம். பால் காபிக்கு இன்னும் ஒன்றரை நிமிடம் போல விட்டு, இரண்டாம் வெடிப்பின் முதல் சத்தம் கேட்டதும் இறக்குங்கள். எண்ணெயில் கடுகு படபடப்பது போல மெல்லிசாக, நெருக்கமாகக் கேட்கும். புகையும் அப்போது நீலம் பாய்ந்து காரமாகும்.

இரண்டாம் வெடிப்பு மும்முரமாகும் வரை விட்டால் கொட்டை மேல் எண்ணெய் மினுமினுக்கும், எந்த மலைக் கொட்டையும் அதற்குப் பிறகு ஒரே கசப்புத்தான். கடையில் கிடைக்கும் கருகருவென்ற நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு நிறைய பேர் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். மொட்டை மாடி வெயிலில் நிறம் ஒரு மாதிரி, சமையலறை டியூப்லைட்டில் ஒரு மாதிரி. கண்ணை நம்புவதைவிடக் காதையும் மூக்கையும் நம்புங்கள்.

5. உடனே ஆற்றுவது

அடுப்பை அணைத்தால் மட்டும் வறுவல் நிற்காது. இரும்பின் சூடும் கொட்டைக்குள் இருக்கும் சூடும் இன்னும் ஒரு நிமிடம் வேகவைத்துக்கொண்டே இருக்கும். அதனால் வாணலியோடு சல்லடையில் கவிழ்த்து, மின்விசிறிக்கு முன்னால் ஒரு சல்லடையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிக் கொட்டுங்கள். நான்கு நிமிடத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட வேண்டும். தட்டில் பரப்பி வைத்தால் போதும் என்று விட்டால், குவியலின் நடுவில் இருப்பது ஒரு பதம் கூடிப் போகும்.

தோல் பெரும்பாலும் இந்தக் காற்றிலேயே பறந்துவிடும். மிச்சத்தை முறத்தில் புடைத்து எடுங்கள்.

இப்போது எடை போடுங்கள். 250 கிராம் 205 முதல் 212 கிராமுக்குள் வந்திருந்தால் பால் காபிப் பதம். 220 இருந்தால் முன்னதாக இறக்கிவிட்டீர்கள். 200-க்குக் கீழே போயிருந்தால் கருக்கிவிட்டீர்கள். பிறகு ஒரு கொட்டையை நகத்தால் பிளந்து வெளிநிறத்தையும் உள்நிறத்தையும் ஒப்பிடுங்கள். வெளியே கறுப்பு, உள்ளே வெளிர் என்றால் அடுத்தமுறை தொடக்கத்தில் தீ குறைவாக இருக்க வேண்டும். எடை, வெடித்த நிமிடம், இறக்கிய நிமிடம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

6. இரண்டு நாள் டப்பாவில் விட்டு வைப்பது

வறுத்த வாசனையில் மயங்கி அன்றைக்கே அரைத்துப் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். புதுக் கொட்டை கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் தூளில் வெந்நீர் ஊற்றினால் பொங்கி நுரைக்கும், நீர் தூளுக்குள் இறங்காது, டிகாஷன் சாரமில்லாமல் இறங்கும்.

ஒரு டப்பாவில் போட்டு மூடியைத் தளர்வாக வைத்து, குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள். கண்ணாடி பாட்டிலில் இறுக மூடாதீர்கள், வாயு அழுத்தத்தில் மூடி தெறிக்கும். மூன்றாம் நாளிலிருந்து இறுக மூடலாம். மூன்று வாரத்துக்குள் குடித்து முடிப்பதற்கு ஏற்ற அளவே வறுங்கள்.

7. சிக்கரி

சேர்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் நாக்கு. சேர்க்கும் காரணத்தைத் தெரிந்து சேருங்கள்: சிக்கரி ஒரு வேர், அதில் காபீன் கிடையாது, தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக இறங்கவிடும், டிகாஷனுக்கு அடர்த்தியும் நிறமும் கொடுக்கும். கொட்டை புதிது என்றால் நூற்றுக்கு பதினைந்து, இருபதுக்கு மேல் தேவைப்படாது. சிக்கரி கலந்த பாக்கெட் தூளில் 49 சதவீதம் வரை சட்டம் அனுமதிக்கிறது, சதவீதத்தை அச்சிட்டும் இருப்பார்கள். அந்த ருசிக்குப் பழகிய நாக்குக்கு உங்கள் காபி முதலில் நீர்த்த மாதிரி தோன்றும், ஒரு வாரம் குடித்துப் பாருங்கள்.

சிக்கரியைத் தூளாகவே வாங்கி, அரைத்த காபியில் பிறகு கலக்குங்கள். சேர்த்து அரைத்தால் மிக்ஸிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும்.

8. அரைப்பது

பில்டருக்கு வேண்டிய பதம்: ரவையைவிட நைஸ், கோதுமை மாவைவிடக் கொரகொரப்பு. இரண்டு விரலில் தேய்த்தால் மணல் உறுத்த வேண்டும், பூசிக்கொள்ளக் கூடாது.

கையால் சுற்றும் காபி மிஷின் இருந்தால் அதுவே நல்லது. மிக்ஸியென்றால் சின்ன ஜாரில் நான்கு விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி நான்கு விநாடி. தொடர்ந்து ஓட்டினால் பாதி மாவாகும், பாதி கட்டியாக நிற்கும். தூளும் சூடாகி மணம் போய்விடும். மிளகாய், மல்லி அரைக்கும் மில்லுக்குக் கொண்டு போகாதீர்கள். எவ்வளவு துடைத்தாலும் அந்தக் கல்லில் காரம் ஒட்டியிருக்கும்.

மூன்று நான்கு நாளைக்கு ஆவதை மட்டும் அரையுங்கள். கொட்டையாக மூன்று வாரம் தாங்குவது தூளானபின் ஒரு வாரம் தாங்காது.

9. டிகாஷன் இறக்குவது

முதலில் பில்டரின் மேல் அடுக்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். எல்லாத் துளையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் அடிப்பாகத்தைத் தணலில் காட்டி, பழைய எண்ணெயும் தூளும் எரிந்தபின் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். ஈரத் துளையில் தூள் ஒட்டி அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊரில் கவனம் வேண்டும். மேட்டூர்த் தண்ணீரில் இறக்கும் டிகாஷனுக்கும் போர்வெல் தண்ணீரில் இறக்குவதற்கும் ஒரே தூளிலேயே வித்தியாசம் தெரியும். உப்புத் தண்ணீர் மெல்லிய புளிப்பையும் மணத்தையும் அமுக்கிவிடும். போர்வெல் மட்டும்தான் என்றால் கேன் தண்ணீர் இருநூறு மில்லி இதற்கென்று எடுத்து வையுங்கள்.

30 கிராம் தூள், 180 மில்லி தண்ணீர். தூளைப் போட்டு, பில்டரைத் தரையில் ஒருமுறை மெல்லத் தட்டிச் சமன் செய்யுங்கள். அதன்மேல் குடையை (பில்டரோடு வரும், காம்பு வைத்த துளைத் தட்டு) வைத்து லேசாக அமுக்குங்கள், பலம் காட்ட வேண்டாம்.

சேலத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 99 டிகிரியில் கொதிக்கும். கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். ஏற்காட்டில் உயரம் 1,500 மீட்டர் அளவில் இருப்பதால் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே பொறுக்காமல் உடனே ஊற்ற வேண்டும். மலையில் தங்கும்போது "ஊரில் இறங்குகிற மாதிரி டிகாஷன் இறங்கவில்லை" என்பவர்கள் பலரும் கொதித்த தண்ணீரை ஆறவிட்டு ஊற்றுபவர்கள்.

முதலில் நாலைந்து மேஜைக்கரண்டி வெந்நீரைக் குடைமேல் சுற்றிவர விட்டு, முக்கால் நிமிடம் காத்திருங்கள். தூள் நனைந்து உப்பி, மிச்ச வாயு வெளியேறும். பிறகு மீதியை ஊற்றி மூடுங்கள். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும், ஆக 110, 120 மில்லி கிடைக்கும். பதினைந்து இருபது நிமிடம் ஆகும்.

ஐந்து நிமிடத்தில் மொத்தமும் இறங்கிவிட்டால் அரவை பெரிது, அல்லது தூள் தளர்வாக இருக்கிறது. அரை மணி ஆகியும் சொட்டவில்லை என்றால் அரவை மாவாகிவிட்டது, அல்லது அமுக்கியது அதிகம். அப்போது பில்டரை டம்ளரால் தட்டுவார்கள். தட்டாதீர்கள், தூள் படுகை கலைந்து மண்டி கீழே இறங்கும். குடையை மட்டும் லேசாகத் திருகி உயர்த்தி விடுங்கள். ஒரே நேரத்தில் அரவை, அமுக்கம், அளவு மூன்றையும் மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது, ஒருமுறைக்கு ஒன்றை மாற்றுங்கள்.

10. கலப்பது

பால் தண்ணீர் கலக்காததாக இருக்கட்டும். ஒருமுறை பொங்கியதும் இறக்கிவிடுங்கள், சுண்டக் காய்ச்சிய பாலின் வாசனை காபியை மூடிவிடும். ஒரு டம்ளருக்கு 35, 40 மில்லி டிகாஷன், 110 மில்லி பால். சர்க்கரையை டம்ளரில் போட்டு, டிகாஷன் விட்டுக் கரைத்து, பாலைக் கடைசியில் ஊற்றி, டபராவில் இரண்டே ஆற்று.

ஆறிப்போன டிகாஷனை அடுப்பில் வைத்துச் சுட வைக்காதீர்கள், கசப்பு ஏறும். கிண்ணத்தோடு வெந்நீரில் நிறுத்தினால் போதும். இரண்டாம் டிகாஷனுக்கு 80 மில்லிக்கு மேல் தண்ணீர் விட வேண்டாம். அதைத் தனியாகக் கலக்காமல், அடுத்த நாள் முதல் டிகாஷனோடும் சேர்க்காமல், அன்றைக்கே மாலைக்குள் முதல் டிகாஷனில் கால் பங்காகக் கலந்து தீர்த்துவிடுங்கள்.